அட்டை இன்னொரு வீட்டில் இருந்தது: கர்ப்ப காலத்தில் டெங்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் ஓர் ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. அப்போது அங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருந்தேன். ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே இல்லை. தாயும் சேயும் பிழைத்துவிட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் என் பங்கைவிட, மாலை ஆறு மணிக்கு ஒரு செவிலியர் பேசிய தொலைபேசி அழைப்பின் பங்கு பெரிது.

பின்னணி

அந்தக் கர்ப்பிணிக்கு 22 வயது. இரண்டாம் கர்ப்பம், 30 வாரம். மூத்தது மூன்று வயதுப் பெண் குழந்தை. கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறார். திருமணமான நாளிலிருந்து இவருக்கும் அங்கேதான் குடித்தனம். கட்டடம் எழும் இடத்திலேயே தகரக் கொட்டகை. ஒரு கட்டடம் முடிந்தால் கொட்டகையும் இடம் மாறும்.

கணவரின் சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம். கர்ப்பப் பதிவு அங்கே, மாமியார் வீட்டு முகவரியில். 22-ஆம் வாரத்தில் ஊர்ப் பண்டிகைக்குப் போனபோது அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியர் ரத்தம் பரிசோதித்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, தாய் சேய் நல அட்டையில் எழுதியிருக்கிறார். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று மாத்திரையைப் பத்தே நாளில் இவர் நிறுத்திவிட்டார். பிறகு கணவரின் வேலையிடம் மாறியது. புதிய இடத்தில் கழிப்பறைகூட இல்லை. நிறைமாதம் நெருங்கும்போது அங்கே எப்படி இருப்பது என்று பெங்களூரிலிருந்து நேராகத் தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். அட்டை மாமியார் வீட்டுப் பரணில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது.

பெங்களூருக்கு அவர் தமிழ்நாட்டுக்காரர். மாமியார் ஊர்ப் பதிவேட்டுக்கு அவர் பெங்களூரில் இருப்பவர். தாய் ஊருக்கு அவர் கட்டிக்கொடுத்த பெண். எங்கள் கர்ப்பிணிகள் பட்டியலில் அவர் இல்லாததற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை. பட்டியல் போடும் முறையே அப்படி.

இந்தப் பெண்ணின் தாய் கணவரை இழந்தவர். அந்தப் பருவத்தில் நிலக்கடலை பறிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். மற்ற நாளில் நூறு நாள் வேலை. பெண்ணின் தம்பி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆயுத பூஜை விடுமுறைக்குத் தம்பி காய்ச்சலோடு வந்து, நான்கு நாள் படுத்திருந்து, எழுந்து போனார். யாரும் அதைப் பரிசோதிக்கவில்லை. இந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது தம்பி வந்த 16-ஆம் நாள்.

தண்ணீர்

இந்த இரு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பழுப்பேறிய பல்லோடு வளர்ந்தவர்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் காவிரித் தண்ணீருக்கு இங்கே தனி மரியாதை. ஆழ்துளைக் கிணற்று நீர் துணி துவைக்கவும் மாட்டுக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். அந்த மாதம் ஊர் மோட்டார் பழுது. எட்டு அல்லது ஒன்பது நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். எந்த நாள், எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பெரும்பாலும் வீட்டில் சேர்த்துவைக்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக வெளியேற நம் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவச் சொல்கிறோம். ஒன்பது நாளுக்கு ஒருமுறை தண்ணீர் பார்க்கும் வீட்டில் போய் ஏழாம் நாள் தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னால் அவர்கள் நம் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பார்வை பழக்கம்.

முதல் மூன்று நாள்

செவ்வாய்க்கிழமை மாலை காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் குத்தல். அன்று காலைதான் எங்கள் நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள். பதிவு இங்கே இல்லாததால் அவர் வரவில்லை. தாய் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கினார். அந்த மாத்திரைப் பட்டையைப் பிறகு நான் பார்த்தபோது, பாராசிட்டமாலோடு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையும் இருந்தது. டெங்கு என்ற ஐயம் இருக்கும்போது அதைத் தரக்கூடாது. ரத்தக்கசிவை அது கூட்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் குழந்தைக்கும் நல்லதல்ல.

புதன்கிழமை, ஊரில் ஊசி போடுகிற ஒருவர் வந்து இடுப்பில் ஒரு ஊசி போட்டு 150 ரூபாய் வாங்கினார். அவரிடம் போனதற்குக் காரணம் அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. எங்கள் நிலையத்துக்கு வந்து போக அரை நாளும், இரண்டு பேருக்கு பஸ் கட்டணமும், தாயின் அன்றைய கூலியும் போகும். அவர் வீட்டு வாசலுக்கு வருகிறார். 150 ரூபாய் அந்தக் கணக்கில் மலிவு.

வியாழக்கிழமை அக்கம்பக்கத்தில் பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொன்னார்கள். பப்பாளி வயிற்றுப்பிள்ளையைக் கலைத்துவிடும் என்று தாய் மறுத்துவிட்டார். ஒரு நம்பிக்கையை இன்னொரு நம்பிக்கை தடுத்தது. நாங்கள் இரண்டுக்கும் இடையில் எங்கேயும் இல்லை.

நான்காம் நாள் காலை: என் முடிவு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாயும் மகளும் வந்தார்கள். காய்ச்சல் 100.4. நாடித்துடிப்பு 108. ரத்த அழுத்தம் 100/64. முந்தைய இரவு இரண்டு முறை வாந்தி. குழந்தையின் இதயத் துடிப்பு சரியாக இருந்தது. விரைவுப் பரிசோதனையில் டெங்கு உறுதியானது. ரத்தத் தட்டணுக்கள் 96,000. ஹீமோகுளோபின் 10.8.

அந்த 10.8-ஐப் பார்த்து மனத்துக்குள் ஒரு சிறு திருப்தி ஏற்பட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பகுதிக் கர்ப்பிணிகளில் எட்டும் ஒன்பதும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நல்ல எண். அட்டை எங்கே என்று கேட்டேன். "அது அவங்க மாமியார் வீட்டில் இருக்கிறது, டாக்டர்" என்றார் தாய். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

உடனே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். டெங்கு உறுதியானவர் கர்ப்பிணி என்றால், வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. தாய் தயங்கினார். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மருமகனிடம் கேட்க வேண்டும். அவர் பகலில் போனை எடுக்க மாட்டார். இன்று இரவோ நாளையோ தண்ணீர் விடுவார்கள், ஒன்பது நாளாகிவிட்டது. நாளைக் காலை கட்டாயம் போகிறோம் என்றார்.

நான் ஒப்புக்கொண்டேன். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் பாராசிட்டமாலும் கொடுத்து, வயிற்று வலியோ ரத்தக்கசிவோ விடாத வாந்தியோ இருந்தால் 108-ஐ அழைக்கச் சொல்லி அனுப்பினேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள் என்பது உண்மை. வற்புறுத்தி அனுப்பிய ஒரு குடும்பம் சில வாரங்களுக்கு முன் திரும்பி வந்து என்னோடு சண்டை போட்டதும் உண்மை. இரண்டும் காரணங்கள்தாம், நியாயங்கள் அல்ல.

நான்காம் நாள் மாலை: ஓர் எண்

எங்கள் கிராம சுகாதார செவிலியருக்குப் பதிவில்லாத கர்ப்பிணி என்பதே உறுத்தலாக இருந்தது. பதிவு எண்ணைக் கண்டுபிடிக்கக் கணவரின் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கி, அஞ்செட்டிப் பக்கத்துச் செவிலியர் யார் என்று மூன்று பேரிடம் விசாரித்து, மாலை ஆறு மணிக்கு அவரைப் பிடித்துவிட்டார். அந்தச் செவிலியர் பதிவேட்டைப் புரட்டிப் படித்தார்: 22-ஆம் வாரத்தில் ஹீமோகுளோபின் 8.1.

எட்டு வாரத்தில், மாத்திரையும் சாப்பிடாமல், 8.1 எப்படி 10.8 ஆகும்?

ஆகாது. டெங்குவின் ஆபத்து தட்டணு குறைவதில் மட்டும் இல்லை. ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் போய்விடும். உள்ளே எஞ்சும் ரத்தம் கெட்டியாகும். கெட்டியான ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறியதுபோலத் தெரியும். சிவப்பணுக்களின் விகிதம் ஒருவரின் வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினாலே கசிவு கடுமை என்று கொள்வோம். இவருக்கு ஏறியிருந்தது மூன்றில் ஒரு பங்கு. நல்ல உடல்நிலையுள்ள பெண்ணுக்கு 12 என்பது 16 ஆகியிருந்தால் கருவியே கத்தியிருக்கும். இவருடைய ரத்தசோகை அந்தக் கூச்சலை ஒரு சாதாரண எண்ணாக்கி என் மேசையில் வைத்துவிட்டது. கர்ப்பத்தில் நாடி இயல்பாகவே சற்று வேகம், ரத்த அழுத்தம் சற்றுக் குறைவு, வாந்தியும் உண்டு. எல்லா அறிகுறிக்கும் வேறொரு விளக்கம் தயாராக இருந்தது. நானும் அதை எடுத்துக்கொண்டேன்.

இரவு: யார் சொன்னால் புறப்படுவது

ஏழரை மணிக்கு நானும் செவிலியரும் அந்த வீட்டுக்குப் போனோம். 108-க்கும் சொல்லியாகிவிட்டது. தாய் முகமலர்ச்சியோடு வாசலுக்கு வந்தார். "காய்ச்சல் விட்டுவிட்டது, நர்சம்மா. மதியத்திலிருந்து உடம்பு சில்லென்று இருக்கிறது."

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கெட்ட நேரம். உள்ளே சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தவரின் கையைத் தொட்டேன். ஈரத்துணி மாதிரி இருந்தது. நாடி 124. ரத்த அழுத்தம் 90/70. மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் இடைவெளி இருபதாகச் சுருங்கியிருந்தது. வயிற்றில் விட்டுவிட்டு வலி. பிரசவ வலியோ என்று தாய் சுக்குத்தண்ணீர் வைத்துக் கொடுத்திருந்தார்.

அப்போதும் புறப்பாடு உடனே நடக்கவில்லை. மருமகன் போனை எடுத்தார். தீபாவளிக்கு முன் மேஸ்திரி கணக்கு முடிப்பார், இப்போது வந்தால் இரண்டு மாதப் பாக்கி போய்விடும், இரண்டு நாள் பொறுக்க முடியுமா என்று கேட்டார். அவர் கல்நெஞ்சர் அல்ல, அழுதுகொண்டுதான் கேட்டார். தாய் என்னிடம், "அவர் வாயால் சொல்லாமல் நான் கூட்டிப்போய், பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால், ஆயுசுக்கும் என்னைத்தான் சொல்வார்கள்" என்றார். அந்த வீட்டில் அப்போது இருந்த பணம் 600 ரூபாய்.

முடிச்சை அவிழ்த்தவர் மாமியார். செவிலியர் அவருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். அஞ்செட்டிப் பகுதியில் 2017-இல் ஒருவருக்கு, இதே ஏடிஸ் கொசு பரப்பி வயிற்றுப்பிள்ளையைப் பாதிக்கக்கூடிய ஸிகா வைரஸ் தொற்று உறுதியானது. தமிழ்நாட்டில் கண்டறியப்பட்ட முதல் ஸிகா அதுதான். அந்த மாதங்களில் கொசுவும் கர்ப்பமும் பற்றிக் கேட்டதெல்லாம் அந்த அம்மாவுக்கு நினைவிருந்தது. "சம்பந்தி, முதலில் வண்டியில் ஏற்றுங்கள். என் மகனிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். அட்டையையும் காலை முதல் பஸ்ஸில் கொண்டுவருவதாகச் சொன்னார். கொண்டும் வந்தார்.

மகளிர் குழுவின் அந்த வாரச் சேமிப்பிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் 2,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். பேத்தி அவர் வீட்டில் தங்கினாள். 35 கிலோமீட்டர். இடது பக்கம் ஒருக்களித்தபடி, கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்க, ஒன்பதரைக்கு மருத்துவமனை சேர்ந்தார்கள். அன்று பின்னிரவு இரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. தெருப் பெண்கள் பூட்டிய வீட்டின் தொட்டியையும் நினைவாக நிரப்பிவைத்தார்கள்.

மருத்துவமனையில்

ஸ்கேனில் வயிற்றிலும் வலது நுரையீரலைச் சுற்றியும் நீர். சலைன் அளவை மணிக்கு மணி பார்த்து ஏற்றினார்கள். குறைந்தால் ரத்த ஓட்டம் தளரும் அதிர்ச்சி நிலை, கூடினால் நுரையீரலில் நீர், கர்ப்பிணிக்கு அந்த இடைவெளி இன்னும் குறுகல். ஊசி போட்ட இடுப்பில் ஐந்தாம் நாள் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. ஆறாம் நாள் தட்டணு 22,000. கணவர் அன்றுதான் வந்து சேர்ந்தார். தட்டணு ஏற்றச் சொல்லி வாதாடினார். ரத்தக்கசிவு இல்லை, உடனடிப் பிரசவமும் இல்லை, எனவே எண்ணுக்காக மட்டும் ஏற்ற வேண்டியதில்லை என்று அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஏழாம் நாள் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும் கட்டம் அது என்பதால் சலைனை நிறுத்தினார்கள். வயிற்று வலி அடங்கியது. ஒன்பதாம் நாள் ஹீமோகுளோபின் 7.9. அவருடைய உண்மையான எண் அதுதான். நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றத் தொடங்கி, 11-ஆம் நாள் அனுப்பினார்கள்.

ஊரில் பார்த்தது

பெங்களூரிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் என்று தெருவில் பேச்சு. நாள் கணக்கு அதை ஏற்கவில்லை. கொசு கடித்துக் காய்ச்சல் வர நான்கிலிருந்து பத்து நாள். இரண்டு வாரத்துக்கு மேல் போகாது. அவர் தாய் வீட்டுக்கு வந்து 25 நாள் ஆகியிருந்தது. கடித்தது இந்த ஊர்க் கொசு. தம்பியின் காய்ச்சலிலிருந்து தொடங்கிய சங்கிலி என்று எண்ண இடமிருக்கிறது, நிரூபிக்க வழியில்லை.

சனிக்கிழமை 42 வீடுகளைப் பார்த்தோம். 13 வீடுகளில் கொசுப்புழு. இவர்கள் வீட்டின் பின்புறச் சிமெண்ட் தொட்டி இடுப்பளவு. அடிச் சாண் தண்ணீரை அவர்கள் எப்போதும் எடுப்பதில்லை. அடுத்த தண்ணீர் வரத் தாமதமானால் பிள்ளைக்கு வேண்டுமே என்ற முன்யோசனை. களப்பணியாளர் டார்ச் அடித்ததும் அந்தத் தண்ணீர் மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கித் துடித்தது. நூற்றுக்கணக்கில் புழுக்கள். முந்தைய இரவு நிரப்பிய புதுத் தண்ணீர் அவற்றுக்கு மேலே வந்து சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். பயன்படாத ஆட்டுக்கல்லின் குழியில் மழைநீர், அதிலும் புழு.

மூன்று வாரம் முன்பே புழு மருந்து ஊற்ற ஆள் வந்திருக்கிறார். மகள் குடிக்கிற தண்ணீர், வயிற்றில் பிள்ளை என்று தாய் மறுத்திருக்கிறார். டெமிஃபாஸ் என்ற அந்தப் புழு மருந்தை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை குடிநீரிலேயே கலக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதை யாரும் அவரிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. பாட்டிலில் அபாயக் குறி, கையுறை போட்ட ஆள், வாசனை. எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பார்.

தெருவில் மேலும் ஆறு பேருக்குக் காய்ச்சல், மூவருக்கு டெங்கு. இன்னொரு கர்ப்பிணி இருந்தார்; அவருக்குத் தொற்று இல்லை. பகலில் படுக்கும்போதும் வலைக்குள் படுக்கச் சொன்னோம். ஊராட்சியில் புகை அடிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பறக்கும் கொசுவைத் தவிர வேறெதையும் அது தொடாது என்று தெரிந்தும் சம்மதித்தேன். புகை வந்தால்தான் அரசாங்கம் வந்தது என்று ஊர் நம்பும். அந்த நம்பிக்கையோடு வீட்டுக்குள் நுழைந்து தொட்டி தேய்க்க வைத்தோம்.

செலவு

சிகிச்சை முழுவதும் இலவசம். அப்படியிருந்தும் செவிலியர் குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது பஸ், ஆட்டோ, துணைக்கு இருந்தவர் சாப்பாடு, குழந்தைக்குப் பால் என்று 7,850 ரூபாய் ஆகியிருந்தது. தாய்க்கு 11 நாள் கூலி போயிற்று; கடலை பறிப்பும் அதற்குள் முடிந்துவிட்டது. மேஸ்திரி கணவரின் பாக்கியைப் பொங்கலுக்குத் தள்ளிவிட்டார். தோடு அடகுக்குப் போனது. மகப்பேறு நிதியுதவித் தவணை, பெயர் எழுத்து ஆதாரில் ஒன்றும் வங்கியில் ஒன்றுமாக இருந்ததால் நின்றிருந்தது. அதைச் சரிசெய்ய மேலும் இரண்டு பயணம்.

பிறகு நடந்தது

36 வாரத்தில் ஆண் குழந்தை பிறந்தது, எடை 2.1 கிலோ. குறைப்பிரசவத்துக்கு டெங்கு காரணமா, ரத்தசோகை காரணமா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு டெங்கு வந்தால் பிறந்த குழந்தைக்கும் வரலாம். இவருக்கு ஆறு வாரம் கடந்துவிட்டதால் அந்த அச்சம் இல்லை. இருந்தும் இரண்டு வாரம் குழந்தையின் காய்ச்சலைப் பார்த்துவரச் சொன்னோம். ஒன்றும் வரவில்லை.

எதை மாற்றினோம், எது மாறவில்லை

காய்ச்சலோடு வரும் கர்ப்பிணியிடம் அட்டை இல்லையென்றால், பழைய ரத்த அளவைப் போனில் கேட்டு வாங்கிய பிறகே நான் இப்போது சீட்டு எழுதுகிறேன். பெரும்பாலும் பத்து நிமிடம்தான் ஆகிறது. அன்று காலையே அந்தப் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் ஒன்பது மணி நேரம் மிச்சம். "நாளை வருகிறோம்" என்பவரிடம் ஏன் நாளை என்று கேட்டு, குழந்தையா, பணமா, சம்மதமா என்று அந்தத் தடையைப் பிடிப்பது செவிலியரின் வேலையாகிவிட்டது. என்னைவிட அவருக்கு அது நன்றாக வருகிறது. தாய் வீட்டுக்கு வந்திருக்கும் கர்ப்பிணிகளுக்குத் தனி நோட்டு ஒன்று போட்டோம். அங்கன்வாடிப் பணியாளரும் மகளிர் குழுவும் பெயர் சொல்கிறார்கள். முதல் மாதத்திலேயே ஒன்பது பெயர் சேர்ந்தது.

ஊரில் உருப்படியாக நடந்தது ஒன்று. தண்ணீர் திறந்துவிடுபவர் முந்தைய நாள் மாலையே கோயில் ஒலிபெருக்கியில் சொல்லத் தொடங்கினார். நாளை வரும் என்று தெரிந்தால்தான் இன்று இரவு அடிச் சாணைக் கொட்ட மனம் வருகிறது. காலி செய்தால் மட்டும் போதாது, சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்த தொட்டியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், தேங்காய் நாரால் தேய்க்கச் செய்து காட்டினோம். டிரம்களுக்குப் பழைய வேட்டித் துணி, கட்ட சைக்கிள் டியூப். புழு மருந்தை ஊற்றும் முன் அந்தத் தாயின் தொட்டியிலிருந்தே ஒரு டம்ளர் எடுத்து நான் குடித்தேன். மருத்துவ நூல்களில் இல்லாத முறை; வேலை செய்தது.

மேஸ்திரியின் கணக்கு நாள், தகரக் கொட்டகை, மலம் கறுக்கும் மாத்திரை எதுவும் மாறவில்லை. குழந்தைக்கு மூன்றரை மாதத் தடுப்பூசி போட்ட அடுத்த வாரம் அவர் இரண்டு பிள்ளைகளோடு பெங்களூருக்குத் திரும்பினார். ஹீமோகுளோபின் அப்போது 9.4. பங்குனியில் மோட்டார் மறுபடி பழுதாகி, தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை என்றானது. ஒலிபெருக்கி அறிவிப்பு மட்டும் நிற்கவில்லை.